யாருடைய பயணத்துக்கு எழுதிய புத்தகம்?

வெளிநாட்டுப் பயணத்துக்குத் தயாராகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, எந்த வழிகாட்டிப் புத்தகம் நல்லது என்பதைத்தான். லோன்லி பிளானட்டா, ரஃப் கைட்ஸா, படங்கள் நிறைந்த டி.கே.யா என்று போய்வந்தவர்களிடம் விசாரிக்கிறார்கள். பக்கம் அதிகமானதையோ படம் அதிகமானதையோ வாங்கிக்கொள்கிறார்கள். எல்லோரும் போவது ஒரே இத்தாலிக்குத்தான், அதைப் பற்றி அதிகமாகவும் சரியாகவும் எழுதிய புத்தகமே சிறந்தது என்ற அனுமானம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. வழிகாட்டி நூல்களின் இருநூறு ஆண்டு வரலாறு இதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. எந்த வழிகாட்டியும் ஊரை எழுதத் தொடங்கும் முன்பே ஒரு பயணியை மனதில் உருவாக்கிக்கொள்கிறது. அந்தப் பயணி எந்த நாட்டுக் குடிமகன், கையில் எவ்வளவு பணம், என்ன சாப்பிடுவார், பள்ளியில் என்ன படித்திருப்பார், எத்தனை நாள் விடுப்பு கிடைக்கும் என்பதெல்லாம் முதல் பக்கம் அச்சாகும் முன்பே முடிவாகிவிடுகின்றன. அந்தக் கற்பனைப் பயணிக்கும் புத்தகத்தை வாங்குகிறவருக்கும் எவ்வளவு தூரம் என்று பார்ப்பதே தேர்வின் முதல் வேலை. மற்ற அளவுகோல்கள் அதற்குப் பிறகுதான்.

இத்தாலியையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் வரும் இத்தாலி வழிகாட்டிகள் பெரும்பாலும் அமெரிக்கர், பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர் ஆகியோருக்காக எழுதப்படுகின்றன. அவர்கள் இத்தாலி உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை விசா இல்லாமல் தங்கலாம். ஆகவே அவற்றில் விசா என்ற தலைப்பு சில வரிகளில் முடிந்துவிடும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கோ பயணத்தின் பாதிப் பளு அந்தச் சில வரிகளில்தான் இருக்கிறது. 2024 ஜூன் முதல் விசாக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். புறப்படப் பதினைந்து நாள்கூட இல்லாதபோது போட்டால் நேரம் போதாது. வங்கிக் கணக்கு விவரம், தங்குமிடத்துக்கான சான்று, நாள்வாரியான பயணத் திட்டம் எல்லாம் கேட்பார்கள். பல நாடுகளுக்குப் போவதென்றால் அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் மனுப் போட வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். ரோமில் எத்தனை இரவு, பாரிஸில் எத்தனை இரவு என்பது ரசனை சார்ந்த விஷயமாக மட்டும் இல்லாமல் மனுவின் தகுதியையே தீர்மானிக்கும் கணக்காகிவிடுகிறது.

இதிலிருந்து, பலர் கவனிக்காத ஒரு விளைவு கிளம்புகிறது. மேற்கத்திய வழிகாட்டிகளின் உணர்வு அலைதலின் உணர்வு. பிடித்த ஊரில் இரண்டு நாள் கூடுதலாக இருங்கள், பிடிக்காவிட்டால் அடுத்த ரயிலைப் பிடியுங்கள் என்பதுபோலவே அவை பேசுகின்றன. அதனால்தான் ஒரு வட்டாரத்தின் இருபது ஊர்களையும் வரிசையாக விவரிக்கின்றன, பயணி போகிற போக்கில் தேர்ந்துகொள்ளட்டும் என்று. இந்தியப் பயணி அந்தத் தேர்வை ரயில் நிலையத்தில் செய்வதில்லை; மனுப் போடும் முன், வீட்டில், மேசையில் உட்கார்ந்து செய்து முடிக்கிறார். அவருக்கு வழிகாட்டி அதிகம் பயன்படுவது புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பு. ஆகவே கையடக்கமா, எடை குறைவா, நகர வரைபடம் பின்னட்டையில் இருக்கிறதா என்று விமர்சகர்கள் வழக்கமாகப் பார்க்கிற அம்சங்கள் அவருக்கு இரண்டாம்பட்சம். ஓர் ஊருக்கு எத்தனை நாள் போதும், எதை எதோடு சேர்க்கலாம், எதை விட்டாலும் நஷ்டமில்லை என்று தைரியமாகச் சொல்கிற புத்தகமே அவருக்கு வேண்டியது. அமெரிக்கரான ரிக் ஸ்டீவ்ஸின் ஐரோப்பா நூல்கள் மிகக் குறைந்த ஊர்களையே எடுத்துக்கொண்டு, நாள்வாரித் திட்டம் போட்டு, மீதியைக் கூசாமல் தள்ளிவிடுகின்றன. விடுப்பு குறைவான அமெரிக்கருக்காகச் செய்யப்பட்ட அந்த ஏற்பாடு, விசா நெருக்கடியுள்ள இந்தியருக்கும் தற்செயலாகப் பொருந்திப்போகிறது. முழுமையான புத்தகம் என்ற பாராட்டை இந்தக் கோணத்திலிருந்து கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

பயணியைக் கற்பனை செய்யும் வழக்கம் இந்த நூல்வகை பிறந்தபோதே வந்தது. நெப்போலியன் போர்கள் முடிந்து ஐரோப்பாவின் சாலைகள் திறந்தபோது, பிரபுக்களோடு நடுத்தரக் குடும்பங்களும் பிரிட்டனிலிருந்து கிளம்பின. அவர்களுக்காக 1820ல் மரியானா ஸ்டார்க் எழுதிய நூல், ஓவியங்களின் தரத்தை வியப்புக்குறிகளின் எண்ணிக்கையால் காட்டியது; கூடவே விலைவாசியையும் பாஸ்போர்ட் நடைமுறையையும் சொன்னது. அதை வெளியிட்ட லண்டன் பதிப்பாளர் ஜான் மர்ரேயின் குடும்பத்திலிருந்தே 1836ல் கையேட்டு வரிசை தொடங்கியது. ஜெர்மனியில் கார்ல் பெடெக்கர், தாம் வாங்கிய பதிப்பகத்தின் ரைன் நதிப் பயண நூலைத் திருத்தி வெளியிட்டுத் தன் வரிசையைத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலம். உள்ளூர்த் தரகரையும் கூலி வழிகாட்டியையும் நம்பாமல் பயணி தன் காலில் நிற்க வேண்டும் என்பது பெடெக்கரின் நோக்கம். விடுதிக் கட்டணம், வண்டிக் கூலி, இனாம் எவ்வளவு என்பதுவரை அவர் எழுதியதற்கு அதுவே காரணம். நட்சத்திரக் குறி இந்தக் காலத்தில்தான் நிலைபெற்றது. அந்தக் குறி ஊரின் தரத்தை அளப்பதுபோலத் தோன்றும். ஆனால் குறிப்பிட்ட படிப்பும் குறிப்பிட்ட ரசனையும் உள்ள ஐரோப்பிய நடுத்தர வர்க்கத்தவர் எதைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் வெட்கப்படுவார் என்பதே அதன் உண்மையான அளவு. இ.எம். ஃபாஸ்டர் 1908ல் எழுதிய நாவலில், பெடெக்கர் கையில் இல்லாமல் ஃபுளோரன்ஸ் தேவாலயத்தில் நிற்கும் இளம்பெண் எதை ரசிப்பது என்று தெரியாமல் தவிப்பதைக் கேலி செய்வது இந்த வெட்கத்தைத்தான்.

இந்தக் கற்பனைப் பயணி யார் என்பதை இந்தியர்களுக்குத் தெளிவாகக் காட்டும் சான்று மர்ரேயின் இந்தியக் கையேடு. அதன் சென்னை, பம்பாய்ப் பகுதிகள் 1859ல் எட்வர்ட் ஈஸ்ட்விக் எழுதி வந்தன. பயணிகள், அதிகாரிகள், சிவில் ஊழியர்கள் ஆகியோருக்கானது என்று தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். இந்திய மொழிகளின் சொற்பட்டியலும் உரையாடல்களும் சேர்க்கப்பட்டிருந்தன. அந்த உரையாடல்கள் ஒரு துரைக்கும் வேலைக்காரருக்கும் இடையிலானவை என்பதை யூகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பின்னால் வந்த பதிப்புகளில் லக்னோ ரெசிடென்ஸியும் கான்பூரின் நினைவிடமும் பெற்ற இடம் மிகப் பெரிது. 1857ல் பிரிட்டிஷார் முற்றுகையிடப்பட்ட இடங்கள் அவை. ஆங்கிலேயப் பயணி இந்தியா வந்து அங்கே நின்று தலைதாழ்த்த வேண்டும் என்பது எழுதாத விதி. இந்தியாவின் பார்க்க வேண்டிய இடங்கள் எவை என்ற பட்டியல், பார்க்க வருகிறவர் யார் என்பதைப் பொறுத்து அமைந்தது. ஊர் மாறவில்லை, பட்டியல்தான் வேறு. இந்தத் தர்க்கம் எவ்வளவு கொடூரமாகப் போகக்கூடும் என்பதற்கும் உதாரணம் உண்டு: 1943ல், நாஜிகள் ஆக்கிரமித்த போலந்துக்கு அங்கிருந்த ஜெர்மன் நிர்வாகத்தின் விருப்பப்படி பெடெக்கர் நிறுவனம் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. யூதர்கள் இப்போது இல்லாத ஊர் என்பது அதில் ஒரு தகவலாகவே அச்சானது.

புத்தகம் கற்பனை செய்த பயணியாகத் தாம் இல்லை என்று உணர்ந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் 1936ல் கறுப்பின வாகன ஓட்டிகளுக்கான பச்சைப் புத்தகத்தைத் தொடங்கினார். வழக்கமான அமெரிக்க வழிகாட்டிகள் விடுதிகளின் வசதியைச் சொல்லும்; அந்த விடுதி கறுப்பர்களை உள்ளே விடுமா என்பதைச் சொல்லாது. கிரீனின் புத்தகம் அதை மட்டும் சொன்னது. எங்கே தங்க முடியும், எங்கே சாப்பிட முடியும், எங்கே முடி வெட்டிக்கொள்ளலாம் என்ற பட்டியல்களாக அது முப்பது ஆண்டுகள் ஓடி, இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் வந்த சில ஆண்டுகளில் நின்றது. இன்னொரு முயற்சி நமக்கு நெருக்கமானது. லண்டனில் சட்டம் படித்துத் திரும்பிய காந்தி, தென்னாப்பிரிக்காவில் 1893, 1894 வாக்கில், இங்கிலாந்துக்குப் போகும் இந்திய மாணவர்களுக்காக லண்டன் வழிகாட்டி ஒன்று எழுதினார். யார் போகலாம், என்னென்ன உடை எடுத்துப்போக வேண்டும், செலவு எவ்வளவு, இறைச்சி இல்லாமல் எப்படிச் சாப்பிடுவது என்பவைதான் அதன் பொருள். அவர் காலத்தில் அச்சேறாத அந்தக் கையெழுத்துப் பிரதி இப்போது அவருடைய நூல்தொகுப்பின் முதல் தொகுதியில் இருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தைப் பற்றிப் பெடெக்கர் எழுதிய பக்கங்கள் அந்த மாணவர்களுக்கு வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் அவை மட்டும் கையில் இருந்திருந்தால் முதல் வாரம் பட்டினிதான்.

பழந்தமிழில் ஆற்றுப்படை என்ற வகையே உண்டு என்பது எல்லோரும் அறிந்தது. அதைப் பயணக் கட்டுரையின் முன்னோடி என்று பெருமை பேசி நிறுத்திவிடுவோம். அதைவிட முக்கியமான செய்தி தலைப்புகளில் இருக்கிறது. பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை என்ற இன்னொரு பெயருடைய மலைபடுகடாம் ஆகிய நான்கும் வழி கேட்டுப் போகிறவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. சேரும் இடத்தின் தலைவனால் பெயர் பெற்றது திருமுருகாற்றுப்படை மட்டும். மலைபடுகடாம் நன்னனின் ஊருக்கு வழி சொல்லும்போது, காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைக்காவலர் வீசும் கவண்கல் எப்படி வரும், வழியில் எந்த மக்கள் என்ன சோறு தருவார்கள் என்று கூத்தர் கூட்டம் ஒன்றின் கண்ணால் சொல்கிறது: வாத்தியச் சுமையோடும் பெண்களோடும் நடந்து போகிற கூட்டம் அது. நன்னனிடம் பரிசில் வாங்கிய கூத்தன்தான் மற்றவனுக்கு வழி சொல்கிறான். வழி சொல்பவனும் கேட்பவனும் ஒரே தொழில், ஒரே நிலை. வழிகாட்டிக்கு இதைவிட நல்ல தகுதி இருக்க முடியாது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழிகாட்டிகள் பணத்தின் கணக்கில் பயணிகளைப் பிரித்தன. அமெரிக்கப் படைவீரராக ஜெர்மனியில் இருந்த ஆர்தர் ஃபிராமர் முதலில் சக வீரர்களுக்காக 1955ல் ஒரு சிறு நூல் எழுதினார். 1957ல் அது நாளுக்கு ஐந்து டாலரில் ஐரோப்பா என்ற நூலாக விரிந்தது. தலைப்பில் ஊரின் பெயரோடு பயணியின் பணப்பையும் ஏறிவிட்டது. விலைவாசி ஏற ஏற அந்த எண்ணும் பதிப்புக்குப் பதிப்பு ஏறியது. லண்டனிலிருந்து தரைவழியாக ஆசியாவைக் கடந்து ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த டோனி, மோரீன் வீலர் தம்பதி 1973ல் வெளியிட்ட மெல்லிய நூலே லோன்லி பிளானட்டின் தொடக்கம். மலிவாக ஆசியாவைக் கடப்பதுதான் அதன் பொருள். பிரெஞ்சில் ரூத்தார் வரிசையும் அதே ஆண்டு வந்தது. பிரிட்டனில் ரஃப் கைட்ஸ் 1982ல் கிரீஸ் நூலோடு தொடங்கியது. மலிவு என்ற சொல்லை இந்திய வாசகர் கவனமாக எடை போட வேண்டும். ஆறு மாதம் வேலையை விட்டு அலையும் மேற்கத்திய இளைஞனுக்கு மலிவு என்பது நாள் கணக்கில் சிக்கனம்: பொதுப் படுக்கையறை, இரவுப் பேருந்து. பெற்றோரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பத்து நாளுக்குப் போகும் கோயம்புத்தூர்க் குடும்பம் விமானக் கட்டணத்திலேயே பெருந்தொகையைக் கொடுத்துவிட்டது. அதற்குச் சிக்கனம் என்பது நான்கு பேருக்குச் சமையலறையோடு கூடிய வீடு. இரண்டு சிக்கனத்துக்கும் ஒரே புத்தகம் உதவாது.

இன்று சந்தையில் உள்ளவற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால் குழப்பம் குறைகிறது. டி.கே. ஐவிட்னஸ் வரிசை கட்டடங்களை அறுத்துக் காட்டும் படங்களால் பேர்பெற்றது. எங்கே போவது என்று இன்னும் முடிவு செய்யாத குடும்பம் சேர்ந்து உட்கார்ந்து புரட்ட ஏற்றது, ஆனால் நுணுக்கமாகக் கேட்டால் பதில் இல்லை. 1918ல் லண்டனில் தொடங்கிய புளூ கைட்ஸ் கலை, கட்டடக்கலை தெரிந்தவருக்கானது. விடுதி, உணவகம் பற்றி அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. மிஷெலினின் சிவப்பு நூல் உணவகத்துக்கு, பச்சை நூல் இடங்களுக்கு. மற்றவர்கள் ஓர் அத்தியாயத்தில் முடித்துவிடும் நாடுகளுக்கு பிராட் முழுப் புத்தகமே போடும். ஜார்ஜியாவுக்கோ எத்தியோப்பியாவுக்கோ போகிறவர் அங்கிருந்து தொடங்குவது நல்லது. லோன்லி பிளானட்டும் ரஃப் கைட்ஸும் எல்லோருக்குமாக விரிந்து, தம் பழைய பயணியின் முகத்தைக் கொஞ்சம் இழந்துவிட்டன. அது வியாபாரத்துக்கு லாபமாக இருக்கலாம். வாசகருக்கு லாபமா என்பது என் சந்தேகம்.

சாப்பாட்டுப் பக்கங்களில் கற்பனைப் பயணியின் முகம் அப்பட்டமாகத் தெரியும். சைவ உணவு என்று ஆங்கில நூல்கள் குறிப்பது பெரும்பாலும் இறைச்சித் துண்டு கண்ணில் படாத தட்டு. முட்டை அதில் அடக்கம். இத்தாலியில் பாஸ்தா மேல் தூவும் பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறையவைக்கப்படுகிறது. அதன் தயாரிப்பு விதியே அப்படி. ஜப்பானில் காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும் பெரும்பாலும் உலர்ந்த பொனிட்டோ மீனில் எடுத்த சாறுதான் அடிப்படை. நல்ல வழிகாட்டி இதைச் சொல்லும், ஆனால் ஒரு பெட்டிச் செய்தியாக. சைவத்தை வீட்டு ஒழுக்கமாகக் கொண்டவருக்கு அது பெட்டிச் செய்தி இல்லை, எந்த ஊரில் தங்குவது என்பதையே மாற்றக்கூடிய செய்தி. கோயாசான் மலையில் பௌத்த மடங்கள் தரும் ஷோஜின் உணவில் மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. மேற்கத்தியப் புத்தகம் அதை ஓர் இரவு அனுபவமாகப் பரிந்துரைக்கிறது. நம்மில் சிலருக்கு அது ஜப்பானில் நிம்மதியாகச் சாப்பிடக் கிடைக்கும் அபூர்வ இடங்களில் ஒன்று.

சாப்பாடு, விசா, பணம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறலாம், கோயிலும் ஓவியமும் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று இங்கே ஒருவர் மறுக்கலாம். நியாயமாகத் தோன்றும் இந்த மறுப்புதான் உண்மையில் மிகப் பலவீனமானது. ஃபுளோரன்ஸின் உஃபீஸி காட்சியகத்தில் லியோனார்டோ வரைந்த மங்கள வார்த்தை ஓவியத்துக்கு முன் நிற்பவருக்கு, மண்டியிட்ட தேவதூதர் யார், எதிரே இருக்கும் பெண்ணிடம் என்ன சொல்கிறார் என்று புத்தகம் விளக்காது. வாசகர் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கற்றிருப்பார் என்று எண்ணி நேராக நிழலுக்கும் வண்ணத்துக்கும் போய்விடும். கிறிஸ்தவரல்லாத தமிழ் வாசகர் தொலைந்துபோவது அந்த இடத்தில்தான். அங்கோர் வாட்டில் இது அப்படியே தலைகீழ். பாற்கடல் கடையும் சிற்பச் சுவருக்கு முன் அதே பதிப்பகத்தின் புத்தகம் மந்தர மலை என்றால் என்ன, வாசுகி யார் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும். நமக்கு வேண்டியது இரண்டாம் சூர்யவர்மன் யார், விஷ்ணுவுக்கு எழுப்பிய கோயில் எப்படிப் பௌத்தத் தலமாயிற்று என்பது; அது ஒரு பத்தியில் முடிந்திருக்கும். மலேசியா, சிங்கப்பூர் நூல்கள் இன்னும் வேடிக்கை. பத்துமலையின் 272 படிகளும் தைப்பூசக் காவடியும் விரிவாக விளக்கப்படும், தோசை என்பது என்ன என்றுகூட எழுதியிருக்கும். பக்கத்துத் தெருவின் சீனக் கோயிலில் எந்தத் தெய்வத்துக்கு ஏன் சுருள் ஊதுபத்தி தொங்குகிறது என்பதைத் தேடினால் இரண்டு வரி. விளக்கம் எங்கே நீள்கிறது, எங்கே குறுகுகிறது என்பது வாசகர் ஏற்கெனவே என்ன அறிந்தவர் என்ற கணக்கைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் நாம் இல்லாதபோது தெரிந்ததையே படிக்கிறோம், தெரியாதது கடந்துபோகிறது. ஃபிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1957ல் வந்த தன் நூலில், ஸ்பெயினைப் பற்றிய ஒரு பிரபல வழிகாட்டி நாட்டையே நினைவுச் சின்னங்களாகச் சுருக்கி மனிதர்களை மறைத்துவிட்டதாகக் குற்றம் சாட்டினார். குற்றச்சாட்டு சரி. ஆனால் நினைவுச் சின்னங்களைக்கூட எல்லோருக்குமாக விளக்க முடிவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கைபேசி இருக்கும்போது புத்தகம் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. திறப்பு நேரம், ரயில் அட்டவணை, நுழைவுச் சீட்டு ஆகியவற்றில் அச்சு நூல் தோற்றுவிட்டது. அதில் வாதமே இல்லை. ரோமின் பாந்தியன் 2023 ஜூலை வரை இலவசம், அப்போதுதான் 5 யூரோ கட்டணம் வந்தது. ஜப்பான் ரயில் பாஸின் கதை இன்னும் கூர்மையானது. ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒருவழிக் கட்டணம் சுமார் 14,000 யென். போய்வந்தாலே பழைய பாஸின் விலையை ஏறக்குறைய தொட்டுவிடும் என்பதால் அதுவரை வந்த நூல்கள் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பரிந்துரைத்தன. புதிய விலையில் அதே யோசனை தண்டச் செலவு. ஆகவே விலையும் நேரமும் இணையத்தில், அதுவும் அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பார்க்க வேண்டியவை. பதிப்பு பழசு என்பதற்காக நூலையே ஒதுக்க வேண்டியதில்லை என்பதும் இதிலிருந்து கிடைக்கிறது. பாந்தியனின் குவிமாடத்தைப் பற்றிய பக்கத்துக்கு வயதாவதில்லை. நூலகத்திலிருந்து எடுத்த பத்து வருடப் பழைய பிரதியும் அதற்குப் போதும். புதிதாக வாங்குவதென்றால் உரிமைப் பக்கத்தில் பதிப்பு ஆண்டைப் பார்க்க வேண்டும். அச்சுக்கு முந்தைய கள வேலை அதற்கும் ஓராண்டு பின்தங்கியே இருக்கும்.

ஆனால் எதை விடலாம் என்று கைபேசி சொல்வதில்லை. அது எல்லாவற்றையும் தரும். முதலில் வருவது மற்றவர்கள் அதிகம் அழுத்தியது. 2017ல் லண்டனில் ஒரு பத்திரிகையாளர் தன் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசரில் பதிவு செய்து, நண்பர்களை விட்டுப் பொய் விமர்சனம் எழுதச் சொன்னார். ஒரு தட்டு உணவுகூடப் பரிமாறாத அந்தக் கொட்டகை நகரத்தின் முதலிடத்துக்கு ஏறியது. அச்சிலும் இப்போது போலி புகுந்துவிட்டது. அமேசானில் இயந்திரம் எழுதிய பயண வழிகாட்டிகள், இல்லாத ஆசிரியர்களின் பெயரிலும் பொய்ப் பாராட்டுகளோடும் விற்கப்படுவதை நியூயார்க் டைம்ஸ் 2023ல் அம்பலப்படுத்தியது. அத்தகைய நூலின் கற்பனைப் பயணி யாருமே இல்லை. எல்லா ஊரையும் துடிப்பானது, மறக்க முடியாதது என்று சொல்லிப் போவதிலேயே அதைக் கண்டுபிடித்துவிடலாம். பெயர்பெற்ற நிறுவனங்களும் அப்பழுக்கற்றவை அல்ல. லோன்லி பிளானட்டுக்கு எழுதிய ஒருவர், தான் பங்களித்த கொலம்பியா நூலுக்காக அந்த நாட்டுக்கே போகவில்லை என்று 2008ல் சொல்லிப் பெரிய சர்ச்சையானது. வரலாற்றுப் பகுதிக்கு மட்டுமே அவரை அமர்த்தியதாகவும் அதற்குக் களப்பயணம் தேவையில்லை என்றும் நிறுவனம் விளக்கியது. விளக்கம் ஏற்கத்தக்கதே, ஆனால் எந்தப் பக்கம் நேரில் பார்த்து எழுதியது, எது மேசையில் எழுதியது என்று வாசகருக்குத் தெரியாது என்பது உண்மை.

இதற்கு எளிய சோதனை உண்டு. ஒரு பதிப்பகத்தின் ஜப்பான் நூலை நம்பலாமா என்பதை அதன் தென்னிந்திய நூலில் பார்க்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றியும் மதுரையின் சித்திரைத் திருவிழாவைப் பற்றியும் அது எழுதியிருப்பதைப் படித்தால், அரைகுறைத் தகவல் எது, உள்ளூர்க்காரரிடம் கேட்டு எழுதியது எது, வெளியாளின் பயமும் வியப்பும் எவ்வளவு என்பதெல்லாம் நமக்கு உடனே பிடிபடும். நம் ஊரை எந்தக் கண்ணால் பார்த்தார்களோ அதே கண்ணால்தான் கியோட்டோவையும் பார்த்திருப்பார்கள். ஆட்கள் வேறாக இருக்கலாம், ஆசிரியர் குழுவின் பழக்கம் ஒன்றுதான்.  

தமிழில் இதற்கு ஏற்பாடு இல்லையா? பயண இலக்கியத்தில் குறைவில்லை. ஏ.கே. செட்டியாரும் சோமலெயும் தொடங்கி வைத்த வரிசை நீளமானது. அவை ஓர் ஆளின் பயணத்தைச் சொல்பவை. அடுத்தவர் அதே வழியில் போவதற்குரிய விலை, நேரம், நடைமுறை ஆகியவற்றை ஆண்டுதோறும் திருத்தித் தரும் வழிகாட்டி வேறு உழைப்பு. ஆங்கிலம் தெரிந்தவர்கள்தானே வெளிநாடு போகிறார்கள், தமிழில் எதற்கு என்பவர்களுக்கு ஜப்பான் பதில் சொல்கிறது. அங்கே 1979ல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்குமாகத் தொடங்கிய சிக்யூ நோ அருகிகாதா என்ற வரிசை, ஜப்பானியப் பாஸ்போர்ட், ஜப்பானிய நாக்கு, ஜப்பானிய விடுமுறை ஆகியவற்றைக் கணக்கில் வைத்து உலகத்தையே மறுபடி எழுதியது. ஆங்கில நூல்களின் மொழிபெயர்ப்பு அந்த இடத்தை நிரப்பியிருக்காது. மொழி அங்கே பாதிக் காரணம்தான். அப்படி ஒரு வரிசையைத் தாங்கும் எண்ணிக்கை நம்மிடம் இல்லை என்று சொல்ல முடியாது. 2019ல் இந்தியாவிலிருந்து வெளிநாடு சென்ற இந்தியர்கள் சுமார் 2.69 கோடி. வேலைக்குப் போனவர்களைக் கழித்தாலும் மீதி சிறியதில்லை. தேவையான அறிவும் இங்கே இருக்கிறது: எந்த ஐரோப்பிய ஊரில் எந்த விடுதி சமையலறையைத் திறந்துவிடும், எந்த மாதம் எந்தத் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைக்காது, முழங்கால் வலியுள்ள பெற்றோர் எந்தக் கோட்டையில் ஏற முடியாது என்பதெல்லாம் சமையற்காரரோடு குழுக்களை அழைத்துப் போகும் சுற்றுலா நிறுவனங்களுக்கு அத்துப்படி. அதைப் புத்தகமாக்கி விற்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. குழுவின் கட்டணத்தில் அவர்கள் விற்பதில் பாதி அந்த அறிவுதான்.